பொம்மைக் கம்பெனியில் ஊறிய தண்ணீர்

சதாசிவத்தின் பனியன் கம்பெனியில், பொம்மைக் கம்பெனி ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரிலிருந்து தண்ணீர் ஊற ஆரம்பித்தபோது, அது எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை, அதைத் துடைப்பது யார் வேலை என்றுதான் கேட்டார்கள். எலெக்ட்ரீஷியன் வந்து தொட்டுப் பார்த்து, கரன்ட் எங்கேயும் கசியவில்லை, மிஷின் அதுபாட்டுக்கு ஓடுகிறது, இது நம்ம வேலை இல்லீங்க என்று டெஸ்டரைப் பைக்குள் செருகிக்கொண்டு போனார். குழாய் வேலை பார்க்கும் இஸ்மாயில் வந்து மேசைக்கு அடியிலும் சுவரிலும் தட்டிப் பார்த்து, பைப்பே இல்லாத இடத்தில் நான் எதை அடைக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனார். கடைசியில் கூட்டிப் பெருக்குகிற அம்மா ஒரு கை பனியன் வேஸ்ட்டை அள்ளி வந்து திரைக்குக் கீழே அணை கட்டினாள். வேஸ்ட்டு நனைந்தது, மேசை நனைந்தது, தரை நனைந்தது. வாளி வைத்தாள், வாளியும் நிறைந்தது. நிறைந்த வாளியைச் சாக்கடையில் ஊற்ற மனசு வராமல் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். அது நல்ல தண்ணியாக இருந்தது.

கம்பெனி இருந்த கருப்பராயன் நகரில் நல்ல தண்ணி என்றால் அது ஒரு திருவிழா மாதிரி. போர் போட்ட குழாயில் வருவதெல்லாம் உப்புத் தண்ணி, அதில் குளித்துத்தான் அங்கே எல்லாருக்கும் முடி வைக்கோலாகப் போனது. நல்ல தண்ணி குழாயில் எப்போது வரும் என்று குழாய்க்கே தெரியாது. அதனால் கம்ப்யூட்டரில் நல்ல தண்ணி வருகிறது என்ற சேதி கம்பெனி கேட்டைத் தாண்டியதும், ஜனம் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பொம்மைக் கம்பெனி என்பது நிஜக் கம்பெனி ஒரு காரியத்தைச் செய்வதற்கு முன்னால் அதை ஒத்திகை பார்த்துச் சொல்கிற கம்பெனி. அதைச் செய்தவன் தரணிதரன், அதே நகரின் லைன் வீட்டில் வளர்ந்து, கோயமுத்தூரில் இன்ஜினியரிங் படித்துவிட்டுத் திரும்பி வந்த பையன், எதிரில் நிற்பவருக்கே பாதிதான் கேட்கும் குரலில் பேசுகிறவன். தைத்த சரக்கு கப்பலுக்கு நேரத்துக்குப் போவதில்லை, வெளிநாட்டுக்காரன் இதுவே கடைசி ஆர்டர் என்று சொல்லிவிட்டான், ஏதாவது வழி இருக்குதாப்பா என்று முதலாளி சதாசிவம் கேட்டபோது, தரணி தன் வழியைச் சொன்னான். நிஜக் கம்பெனியில் எத்தனை மிஷின் உண்டோ அத்தனை மிஷினையும், எத்தனை பேர் உண்டோ அத்தனை பேரையும் திரைக்குள் பொம்மையாக உட்கார வைத்தான். ஒரு பொம்மை தோள் மூட்டும், ஒரு பொம்மை கை ஏற்றும், ஒரு பொம்மை கழுத்துப் பட்டி அடிக்கும். இந்த மிஷினை அங்கே நகர்த்தினால் என்ன ஆகும், அந்த ஆளை இங்கே உட்கார வைத்தால் பீஸ் எங்கே தேங்கும் என்று கேட்டால், நிஜத்தில் ஒரு முழம் நூலும் வீணாகாமல், ஒரு மாத வேலையை ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஓட்டிக் காட்டிவிடும்.

பொம்மைக்கு உயிர் கொடுப்பது நேரம். எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துச் சொன்னால்தான் பொம்மை நிஜ ஆளைப் போல நடந்துகொள்ளும். அதற்காகத் தரணி கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் தையல் மிஷின் லைனில் நின்றான். நூல் கோக்கிற நேரத்தைப் பார்த்தான், ஊசி உடைந்தால் மாற்றுகிற நேரத்தைப் பார்த்தான், மூக்குச் சிந்துகிற நேரத்தைக்கூட விடவில்லை. ஒன்றை மட்டும் விட்டுவிட்டான். ஒரு பெண் மிஷினை நிறுத்தி, பக்கத்துச் சீட்டுக்காரியிடம் கண்ணைக் காட்டிவிட்டு, எழுந்து, பின்பக்க நடை வழியாகக் கதவுக்கு அந்தப் பக்கம் போனால், அவன் கடிகாரத்தை நிறுத்திவிடுவான். சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் ராகு காலமும் எமகண்டமும் படிப்பான். அவள் திரும்பி வந்து உட்கார்ந்து மிஷின் சத்தம் கேட்ட பிறகுதான் முகத்தைத் திருப்புவான். பெண்கள் ஒதுங்கப் போகும்போது பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அது சோற்றோடு சேர்ந்து உள்ளே போன பழக்கம்.

அதிலும் அந்த லைனில் ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருந்தவள் சம்பூரணம், அவனுடைய அண்ணி. தாயில்லாத வீட்டுக்கு மருமகளாக வந்து, கொழுந்தனுக்குத் தலை வாரி, ஈர் எடுத்து, பேன் குத்தி, அதே ஓவர்லாக்கில் குனிந்து குனிந்து அவனை இன்ஜினியராக நிமிர்த்தியவள். மற்றவர்கள் எழுந்தால் காலண்டரைப் பார்த்தவன், அண்ணி எழுந்தால் டீக்கடைக்கே போய்விட்டான்.

ஆக, பொம்மைக் கம்பெனியில் ஒரு பொம்மையும் இருக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. பின்பக்க நடை யாரும் கால் வைக்காத இடமாகத் திரையில் வெளுத்துக் கிடந்தது. ஆள் நடக்காத இடம் எதற்குச் சும்மா கிடக்க வேண்டும், வெட்டிய துணிக்கட்டுகளை அடுக்கும் ரேக்கை அங்கே போட்டால் கட்டு எடுத்து வரும் தூரம் பாதியாகக் குறையும் என்று கம்ப்யூட்டர் சொன்னது. முதலாளி அதைப் பார்த்துத் தொடையில் தட்டிக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசணிக்காய் உடைத்து, மிஷின்களை இடம் மாற்றி, பெரிய இரும்பு ரேக்கை நடையில் நிறுத்தினார்கள். இனிமேல் பின்னால் போக வேண்டுமென்றால், லாரிக்கு லோடு ஏற்றுகிற முற்றத்தைச் சுற்றிக்கொண்டு, டிரைவர்களும் லோடுமேன்களும் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வழியாகத்தான் போக வேண்டும்.

திங்கட்கிழமை வந்த பெண்கள் ரேக்கைப் பார்த்தார்கள், ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள், போய் அவரவர் மிஷினில் உட்கார்ந்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. லைன் வாய்க்காலாக ஓடியது. சரக்கு நேரத்துக்குக் கப்பல் ஏறியது. முதலாளி தரணியின் தோளில் கை போட்டு எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். அதற்குப் பிறகுதான், அந்தக் கோடையின் தொடக்கத்தில், திரைக்குள்ளே பொம்மைகளின் காலடியில் முதலில் ஈரம் கசிந்து, பிறகு சொட்டி, பிறகு தாரையாக இறங்கித் தண்ணீர் வர ஆரம்பித்தது.

வந்த தண்ணீரை நகர் வெகு சீக்கிரம் தன் வழக்கத்துக்குள் சேர்த்துக்கொண்டது. பைப்பே இல்லையென்று போன இஸ்மாயில் திரும்பி வந்து, திரைக்குக் கீழே ஒரு தகரத் தூம்பு பொருத்தி, ஜன்னல் வழியே ஓஸ் விட்டு, கேட்டுச் சுவரில் குழாய் வைத்துக் கொடுத்தார். கவுன்சிலர் வந்து ரிப்பன் வெட்டிக் குழாயைத் திறந்தார், தானே கொண்டு வந்த தண்ணீர் போல ஒரு வாய் குடித்துக் காட்டினார். எந்த வீதிக்குக் காலை, எந்த வீதிக்கு மாலை என்று நகர் சங்கத் தலைவர் நாச்சிமுத்து முறை வைத்தார், முறைக்காக ரெண்டு குடும்பம் பேச்சை முறித்துக்கொண்டது. கருப்பராயன் கோயில் பூசாரி அபிஷேகத்துக்கு ஒரு சொம்பு பிடித்துப் போனார். அந்தத் தண்ணியில் பருப்பு பூவாக வெந்தது. கைக்குழந்தைகளுக்குக் காய்ச்ச வேண்டியதில்லை, பிடிக்கும்போதே வெதுவெதுப்பாக, ஆள் உடம்புச் சூட்டில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தண்ணி வராது, கம்பெனி லீவு விட்டால் வராது, ராத்திரி வரைக்கும் ஒன்றரை ஷிப்ட்டு ஓடினால் மட்டும் குழாய் நிறைய வரும். அதனால் கம்பெனிக்கு ஒன்றரை ஷிப்ட்டு வர வேண்டும் என்று வீட்டுக்கு வீடு வேண்டிக்கொண்டார்கள். அந்த வீடுகளிலிருந்து போன பெண்கள்தான் அந்த லைனில் உட்கார்ந்திருந்தார்கள்.

தரணியை எல்லாரும் தண்ணித் தம்பி என்றார்கள். எங்க வீட்டுப் புள்ளைய கட்டிக்கிட்டா சீதனத்துக்குக் குடம் மட்டும் குடுத்தாப் போதும் என்று கேட்டில் நின்ற கிழவிகள் வம்புக்கு இழுத்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்துப் போனான். சந்தோஷமாகத்தான் இருந்தது.

சம்பூரணத்துக்கு முதலில் வந்தது குளிர்க்காய்ச்சல். கசாயம் குடித்துவிட்டு வேலைக்குப் போனாள். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். கேட்டால் சூடு என்பாள், வயசு என்பாள். ஒரு நாள் மிஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். அண்ணன் லாரியில் வடக்கே போயிருந்ததால் தரணிதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். துணித் திரைக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா கேட்டதெல்லாம் அவன் காதில் விழுந்தது, அண்ணி சொன்னது ஒன்றும் விழவில்லை. பிறகு டாக்டரம்மா வெளியே வந்து, அவனை மகன் என்று நினைத்துக்கொண்டு, வரிசையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் திட்டினார். காலையில் வேலைக்குப் போனால் பொழுது சாயும் வரை இந்தம்மா ஒரு வாய் தண்ணி குடிப்பதில்லை, வந்ததையும் அடக்கி வைத்திருக்கிறார், ஒரு கிட்னி ஏற்கெனவே கெட ஆரம்பித்துவிட்டது, இப்படியே போனால் இன்னொன்றும் போகும், வீட்டில் இருக்கிறவர்களுக்கு இதுகூடவா தெரியாது என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில், அண்ணியை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அவன் நின்றுகொண்டே கேட்டான்.

"ஏண்ணி தண்ணி குடிக்கல?"

சம்பூரணம் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். "குடிச்சா எந்திரிக்கோணுமே."

"எந்திரிச்சுப் போறதுக்கென்ன?"

"எங்க போறது? லோடுமேனுக பல்லைக் காட்டிட்டு உக்காந்திருப்பானுக, அவனுக மூஞ்சிக்கு முன்னால வரிசையாப் போகச் சொல்றயா? அப்படியே போனாலும் பீஸ் தேங்கிப் போகுது. பொம்மை எந்திரிக்கறதில்ல, நீங்க மட்டும் ஏன் எந்திரிக்கறீங்கன்னு மேனேஜர் கேக்கறாரு." அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துச் சொன்னாள். "மத்தவளுக எந்திரிச்சாக்கூட நான் எந்திரிக்கலாமா தம்பி? எங்கொழுந்தன் போட்ட பிளானு. நானே எந்திரிச்சா உம் பேரு என்னாகறது?"

பல வாரம் கடிகாரத்தோடு நின்றவனுக்கு அப்போது நிற்கத் தெரியாமல் போனது.

மறுநாள் கம்பெனியில் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தான். ஒவ்வொரு பொம்மையின் காலடியிலிருந்தும் நூல் மாதிரி ஒரு தண்ணீர்க் கோடு புறப்பட்டு, எல்லாக் கோடும் சேர்ந்து தகரத் தூம்புக்குள் இறங்கியது. ஓவர்லாக்கில் அண்ணியின் பொம்மை மட்டும் ஓய்வில்லாமல் தைத்துக்கொண்டிருந்தது, அதன் காலடி காய்ந்து கிடந்தது. அன்றைக்கு அண்ணி லீவு. லைனைத் திரும்பிப் பார்த்தான். ஒவ்வொரு மிஷினின் காலிலும் ஒரு பாட்டில் சாய்ந்திருந்தது, பச்சை, ஊதா, ரோஸ், எல்லாம் காலையில் நிரப்பிய அளவிலேயே இருந்தன. ஊர் குடித்தது எந்தத் தண்ணீர் என்று அவனுக்கு அப்போது தெரிந்தது. முந்தின நாள் ராத்திரி அவன் ரசத்தை ரெண்டாம் தரம் ஊற்றச் சொல்லிக் குடித்தது ஞாபகம் வந்தது.

முதலாளி அறைக்குப் போனபோது அங்கே நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார், இன்னொரு குழாய் வேண்டும் என்று கேட்க வந்தவர். மேனேஜரும் இருந்தார். பொம்மைக் கம்பெனியில் ஒரு தப்பு இருக்கிறது, ஒரு நேரத்தைச் சேர்க்காமல் விட்டுவிட்டேன் என்று தரணி ஆரம்பித்தான். என்ன நேரம் என்றார் முதலாளி. சொந்த நேரம் என்றான். அப்படியென்றால் என்றார். இடைவேளை மாதிரி என்றான். டீக்கு விட்டிருக்கிறோமே என்றார். சாப்பாட்டுக்கும் விட்டிருக்கிறோமே என்றார் மேனேஜர். தெரிந்த நாசூக்கான வார்த்தை ஒவ்வொன்றையும் எடுத்து மறைத்துப் பார்த்தான், ஒன்றும் மூடவில்லை. கடைசியில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மிஷின்கள் ஓடிக்கொண்டிருக்க, அவன் வாழ்க்கையில் முதல்தடவையாக எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னான்.

"ஒண்ணுக்குப் போற நேரமுங்க. பொம்பளைங்க ஒண்ணுக்குப் போற நேரம். அந்த வழிலதான் ரேக்கு நிக்குது. அவங்க தண்ணியே குடிக்கறதில்லீங்க. அவங்க குடிக்காத தண்ணிதான் அது."

மூன்று ஆண்களும் மேசையைப் பார்த்தார்கள்.

"யாரும் வந்து எங்கிட்டக் கேக்கலியேப்பா," என்றார் சதாசிவம். அவர் கெட்டவர் இல்லை, நிஜமாகவே யாரும் கேட்கவில்லை.

"நானும் அவங்களைக் கேக்கலீங்க."

"அப்ப, அதைச் சேத்துட்டா, தண்ணி?" என்றார் நாச்சிமுத்து.

"நின்னுடுமுங்க."

கோடை முடியட்டும் என்று சொல்லத்தான் நாச்சிமுத்து வாயெடுத்தார். எடுத்தவர், கண்ணாடி வழியே எதையோ பார்த்தார். மெதுவாக, யாரிடமும் சொல்லாத மாதிரி, "மூணாவது மிஷின்ல எம் புள்ள உக்காந்திருக்குது," என்றார். காலையில் அந்தத் தண்ணியில் போட்ட காப்பியைக் குடித்த வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். மாசக் கடைசியில் கப்பல் இருக்கிறது, அது போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார் முதலாளி.

மாசக் கடைசி வரைக்கும் அண்ணி வீட்டில் இருக்கப் போவதில்லை என்று தரணிக்குத் தெரியும். காய்ச்சல் விட்டதும் போய் உட்கார்ந்துவிடுவாள். அவன் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு லைனுக்கு வந்தான். முதல் மிஷினில் ஜெகதாம்பாள் இருந்தாள், வாய்க்குப் பேர் போனவள். மிஷினை நிறுத்துங்கக்கா என்று சொல்லி, காதெல்லாம் எரிய, கேட்டான்.

"ஒரு நாளைக்கு எத்தன தடவை போவீங்கக்கா? எவ்ளோ நேரம் ஆகும்?"

ஜெகதாம்பாளுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் லைன் முழுக்கக் கேட்கச் சொன்னாள். "ஏந்தம்பி, இன்னிக்குக் காலண்டர்ல ஒண்ணும் போடலியா?"

லைன் குலுங்கிச் சிரித்தது. இதெல்லாமா காலேஜ்ல சொல்லித் தந்தாங்க என்று ஒருத்தி கேட்டாள், அளந்து பாக்க லிட்டர் படி கொண்டாந்திருக்குதாக்கும் என்று இன்னொருத்தி கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான், ஆனால் நகரவில்லை. சொல்லுங்கக்கா என்று மறுபடியும் கேட்டான். சிரிப்பு ஒவ்வொரு மிஷினாக அடங்கியது. கடைசியில் ஜெகதாம்பாள் துணியை மடியில் வைத்துக்கொண்டு, "முந்தியெல்லாம் போவோம் சாமி. இப்பப் போறதில்ல," என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். மாசத்தில் அந்த நாட்களில் எப்படி என்று சொன்னார்கள், பிள்ளை பெற்று வந்தவளுக்கு எப்படி என்று சொன்னார்கள். கேட்கக் கேட்க, அவன் இத்தனை நாளும் பார்க்காமல் திரும்பிக்கொண்டதை மரியாதை என்று நினைத்திருந்ததே அவனுக்குக் கூசியது.

அத்தனையையும் பொம்மைகளுக்குச் சொல்லிக் கொடுத்தான். ரேக்கைத் தொடவில்லை, அதை நகர்த்தும் அதிகாரம் அவனுக்கு இல்லை. பொம்மைக் கம்பெனி ஓட ஆரம்பித்தது. முதலில் ஒரு பொம்மை எழுந்தது, முற்றத்து வழிப் பக்கமே திரும்பாமல் நடைக்கு வந்தது, ரேக்கு மறிக்க, அதன் முன்னால் நின்றது. இன்னொன்று எழுந்து வந்து அதன் பின்னால் நின்றது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எல்லாப் பொம்மைகளும் எழுந்து வந்து, யூனிபாரம் கோட்டின் ஓரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, வரிசையில் நின்றன. மிஷின்கள் எல்லாம் காலியாகக் கிடந்தன. சேதி கேட்டு வந்த முதலாளி திரைக்கு முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். அவங்களைப் போய் உட்காரச் சொல்லப்பா என்றார். சொன்னால் கேட்காதுங்க என்றான் தரணி. ஒரு பொம்மை, யாரென்று தெரியவில்லை, ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி நின்றது.

சதாசிவம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். நிஜப் பெண்கள் அவர் கண்ணெதிரில் உட்கார்ந்திருந்தபோது வராத வெட்கம் பொம்மைகள் நின்றபோது வந்தது. அது ஏன் அப்படி வந்தது என்று அவரே பிறகு பல நாள் யோசித்திருக்கிறார். எழுந்து போய் லோடுமேன்களைக் கூப்பிட்டார், அவர்களோடு சேர்ந்து தானும் ஒரு பக்கம் பிடித்தார், ரேக்கு தரையில் கீறிக்கொண்டே நகர்ந்தது. வெளிநாட்டுக்காரனுக்குச் சரக்கு இனி ஒரு வாரம் தள்ளித்தான் வரும் என்று போன் போட்டார். அவன் என்ன சொன்னான் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலத்துக்குள் திரை காய்ந்துவிட்டது.

குழாயில் காற்று மட்டும் வந்தபோது ஜனம் தரணியை ஏசியது. நாச்சிமுத்து வீட்டிலிருந்து உண்மை கிளம்பி வீதி வீதியாக வந்தபோது ஏச்சு நின்றது. எல்லார் வீட்டிலும் குடங்களில் அந்தத் தண்ணீர் மீதி இருந்தது. அதைக் குடிக்க முடியவில்லை, கொட்டவும் முடியவில்லை. எம் புள்ள குடிக்காத தண்ணியிலயா நான் அரிசி களைஞ்சேன் என்று ஒரு தாய் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். வேலை விட்டு வந்த மகளை, சொல்லித் தொலைக்கறதுக்கென்னடி என்று முதுகில் ஒன்று வைத்துவிட்டு, அதே கையால் சொம்பில் மொண்டு நீட்டினாள் இன்னொருத்தி. அன்று கருப்பராயன் நகரில் பெண்கள் வாசலிலும் திட்டிலும் உட்கார்ந்து குடித்தார்கள், வீட்டு ஆண்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் செருப்பைப் பார்த்தார்கள்.

சம்பூரணம் அவனோடு பேசவில்லை. அத்தனை ஆம்பளைகள் முன்னால் அவன் வாய்விட்டுச் சொன்ன சேதி அவளுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே வந்து சேர்ந்திருந்தது. அவன் சமையல்கட்டில் மிச்சமிருந்த குடத்தைச் சாய்த்து டம்ளரில் ஊற்றி, அவள் முன்னால் வைத்துவிட்டு, தள்ளி உட்கார்ந்தான். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு குடித்தாள். மறுபடியும் ஊற்றினான், குடித்தாள். வெகுநாள் தாகம் போல, மூச்சு வாங்காமல் குடித்தாள்.

"பிளான் போடறதுக்கு முந்தியே எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல," என்றாள், சுவரிடம்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களாண்ணி?"

சம்பூரணம் யோசித்தாள். வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, நேர்மையாக யோசித்தாள்.

"மாட்டேன்," என்றாள்.

பிறகு காலி டம்ளரை அவன் பக்கம் நீட்டினாள்.